கைப்பட்டை கண்ட பயம்

சிறுமியர் கூர்நோக்கு இல்லத்தில் காவலராக வேலைக்குச் சேர்ந்த அன்றே ரெஜினாவின் மணிக்கட்டில் அந்தப் பாழாய்ப்போன பட்டையை மாட்டிவிட்டார்கள். எந்தப் பிள்ளையின் அருகில் காவலரின் நெஞ்சு படபடக்கிறதோ, அந்தப் பிள்ளை ஆபத்தானது என்று அது குறித்துக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை காலை இசைவாணியின் விடுதலை உத்தரவு வந்தது. ரெஜினா மூன்று மாடி ஓடி ஏறி, மூச்சிரைக்க அவளைக் கட்டிக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போறடி!”

“நெசமாவாக்கா?”

மதியமே உத்தரவு ரத்தானது. காரணத்தை இசைவாணியே அறிவிப்புத் திரையில் படித்தாள்: ‘காவலர் ரெஜினாவுக்குக் கடும் அச்சம். மேலும் ஆறு மாதம்.’

“சத்தியமா பயமில்லடி, சந்தோஷத்துல ஓடி வந்தேன்…” ரெஜினா அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

இசைவாணி சுவரோரம் ஒதுங்கினாள்.

“கிட்ட வராதீங்க மேடம். ஆறு மாசம் ஒரு வருஷமாயிரும்.”