சார்ஜரில் பச்சை விளக்கு

பச்சைதான் எரிகிறது.

அவள் குனிந்து, விளக்கு நன்றாகத் தெரியும்படி சார்ஜரைப் படம் எடுத்தாள். கணவனுக்கு அனுப்பினாள். காலை மணி ஏழு.

இருபத்து மூன்றாவது படம்.

சிவப்புக் கார். இரண்டே கதவு. அவள் நெஞ்சு உயரம்கூட இல்லை. ஷெட்டில் போர்வைக்குள் கிடக்கிறது. முன்மூடியின் இடுக்கு வழியாக ஒரு வயர் உள்ளே போகிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்குப் போவதுபோல.

சும்மா நின்றால் பத்தே நாளில் பேட்டரி இறங்கிவிடுமாம். உறுமுகிற உறுமலுக்கும் இந்த நோஞ்சான் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு மாத விடுமுறை, ஐரோப்பா, நண்பர்களோடு என்றான். எந்த நண்பர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளை ஷெட்டுக்குக் கூப்பிட்டான். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். மாட்டும்போது சிவப்புக் கிளிப் முதலில். கழற்றும்போது கறுப்பு முதலில். கரண்ட் போய் வந்தால் பொத்தானை மறுபடி அமுக்க வேண்டும்.

“நான் வந்து பட்டனத் தொட்டா உடனே கிளம்பணும். தெனமும் ஏழு மணிக்கு போட்டோ அனுப்பு.”

“செரிங்க.”

பதினாறு வருடத்தில் அவளிடம் அவன் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடுதான். ஆனால் இருந்தது.

பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிறவன் உண்டு. இந்தக் காரை விட்டுவிட்டுப் போக அவனால் ஆகாது. கார் இங்கே நிற்கும்வரை அவன் வந்துதானே தீர வேண்டும்?

அதனால் அவள் காரைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வாரம் ‘சூப்பர்’ என்று பதில் வந்தது. பிறகு கட்டைவிரல் படம் மட்டும். அந்தக் கட்டைவிரலோடு ஒரு வாரம் குடும்பம் நடத்தினாள். ஒன்பது நாளாக அதுவும் இல்லை. பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடு, அவ்வளவுதான்.

போன வாரம் பொள்ளாச்சியில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்றைக்கென்று பார்த்து கோவையில் இவள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை. அவள் போகவில்லை. ஷெட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. பொத்தானை அமுக்கினாள். சிவப்பாக எரிந்து, அரை மணி கழித்துப் பச்சையானது.

தம்பி இன்னும் பேசவில்லை.

வாசலில் பெல் அடித்தது.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. வெள்ளைச் சட்டை. தோளில் ஒரு பை. கையில் அந்தக் காரின் இன்னொரு சாவி.

அது வீட்டு அலமாரியில் எங்கோ கிடக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“வண்டி எடுக்க வந்தேனுங்க அம்மணி. சார் சொல்லலீங்களா? நேத்தே பெங்களூர் வந்துட்டாருங்களே. அங்க வீட்டுல மேடம்தான் சாவி குடுத்து அனுப்புனாங்க.”

மேடம்.

சேலத்துப் பக்கத்துக்காரர், பேச்சில் தெரிந்தது. நல்ல மனிதர்தான். சொல்லி முடித்த பிறகே அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கணவனுக்குப் போன் செய்தாள். இரண்டு முறை மணி அடித்துக் கட்டானது. உடனே செய்தி வந்தது. ‘வண்டியைக் கொடுத்துவிடு. அப்புறம் பேசுகிறேன்.’

ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த முதல் பதில்.

போர்வையை உருவி மடித்தாள். சுவிட்சை அணைத்தாள். கறுப்புக் கிளிப். பிறகு சிவப்பு. தப்பே இல்லாமல் செய்தாள்.

“பேட்டரி எறங்கிருக்கும்னு வயரெல்லாம் கொண்டாந்தேனுங்க” என்று அவர் பையைத் திறக்கப் போனார்.

“வேண்டாங்க.”

ஒரே தொடுதலில் கிளம்பியது. தெரு முழுக்க அதிர்ந்தது. இத்தனை நாளும் அதைத் தயாராக வைத்திருந்தவள் அவள்தான். அவன் கிளம்பிப் போவதற்கு.

“ஒரு நிமிசம் இருங்க” என்று உள்ளே ஓடினாள்.

அழத்தான் போகிறாள் என்று அவர் நினைத்திருப்பார். நாலு எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தாள். தூரம் போகிற வண்டிக்குச் சக்கரத்துக்கு ஒன்று வைக்க வேண்டும். வைக்காமல் இந்த வீட்டை விட்டு எந்த வண்டியும் போனதில்லை. மனசு ஒன்றும் சொல்லவில்லை, கை தானாக வைத்தது.

கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. மூன்று பழம் நசுங்கியது. நாலாவது வழுக்கி உருண்டு வெளியே வந்துவிட்டது.

அவர் பிரேக்கை மிதித்து அவளைப் பார்த்தார்.

முழுப் பழம். ஒரு கீறல் இல்லை.

நசுங்காமல் போனால் வழியில் ஏதாவது ஆகும் என்பார்கள். அப்படியே விட்டுவிடத்தான் ஆசையாக இருந்தது. ஏன் விட்டாய் என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

குனிந்து எடுத்தாள். புடவையில் துடைத்தாள். சக்கரத்துக்கு அடியில் நன்றாகத் தள்ளி வைத்தாள்.

“இப்பப் போங்க.”

மறுநாள் ஏழு மணிக்குக் கால் தானாக ஷெட்டுக்குப் போனது. தரையில் எலுமிச்சை விதைகளும், சுருட்டி வைத்த வயரும். கையில் போன் இருந்தது.

நேற்று அனுப்பிய பச்சை விளக்குக்குக் கீழே பதில் வந்திருந்தது. கட்டைவிரல்.

வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.