ஆள் பார்த்து எரியும் விளக்கு

"இந்த விளக்கைப் போட்டது யாரு? வெளியே வரச் சொல்லு!"

குரல் கேட்டதுமே டெடெய் கையிலிருந்த ஒயரைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

டெஷி என்ற மீனவ ஊரின் கடற்கரைச் சாலையில் ஆஷிட்டேயின் சவப்பெட்டிக் கடை. மீன், படகு என்று அவரவர் தொழிலுக்கேற்ற வடிவத்தில் பெட்டி செய்து அடக்கம் செய்வது அந்த ஊர் வழக்கம். கடை முகப்பின் கண்ணாடிக்குள் இரண்டு மாதம் குனிந்து நிமிர்ந்து அவள் செய்த வேலை அது. வெளியே யாராவது வந்தால் போதும். சென்சார் ஆளைக் கண்டுகொள்ளும். மீன் வடிவச் சவப்பெட்டியின் செதில்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிடும். படகு வடிவப் பெட்டிக்கு அடியில் நீல அலை ஓடும்.

திங்கட்கிழமை திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை, கென்கே என்ற சோள மாவு உருண்டை விற்கிற அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினாள்: "பெட்டி என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது! எனக்கு நாள் குறிக்கிறீங்களா?" புதன்கிழமை ஒரு டாக்ஸி டிரைவர் வந்து அதையே கேட்டார்.

"இன்னும் ஒரே ஒருத்தர் வந்து சண்டை போடட்டும், எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடுவேன்" என்று ஆஷிட்டே கறாராகச் சொல்லிவிட்டார். டெடெய்க்கு இது முதல் வேலை. இதைக் காட்டித்தான் அடுத்த கடையில் வேலை கேட்க வேண்டும். இதையே செல்போன் கடையில் போட்டிருந்தால் ஊரே கைதட்டியிருக்கும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று வந்து நிற்பவர் போர்க்கெட்டே. எண்பத்திரண்டு வயது, நாலு மீன்பிடிப் படகுகளுக்குச் சொந்தக்காரர். பின்னால் பாதித் தெரு வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

"உட்காருங்க, தாத்தா" என்றாள் டெடெய்.

"உட்கார வரலை. நேத்து சாயங்காலம் உன் கண்ணாடி முன்னாடி வந்தேன். தெருவே பார்த்துச்சு. என் மானம் போச்சு!"

"தாத்தா, அது வெறும் மெஷின். யார் சாகப்போறாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ராத்திரி பூரா தூக்கமில்லை. காலைல மருமக, 'என்ன மாமா, கடைப்பக்கம் என்னமோ ஆச்சாமே'ன்னு கேட்டுட்டுச் சிரிக்கிறா!"

ஆஷிட்டே கையைப் பிசைந்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயத்தைத் தரையில ஊத்தி, முன்னோர்களைக் கும்பிட்டுத் தோஷம் கழிச்சிடலாம்."

"உன் ஷ்னாப்ஸை நீயே குடி! இதுக்கு நியாயம் சொல்லாம நான் நகர மாட்டேன்."

ஆஷிட்டே வேறு வழியில்லாமல் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் நடந்தார். டெடெய்க்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒயர்களை மறைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"இதுல என்ன தாத்தா அவமானம்? சாகப்போறவங்களுக்குன்னு தனியா எரியற விளக்கா இது? யார் வந்தாலும் எரியும்! பச்சைக் குழந்தை வந்தாலும் எரியும்! தெருவுல போற ஆடு வந்தாலும் எரியும்!"

போர்க்கெட்டேயின் கைத்தடி பாய்ந்து வந்து ஆஷிட்டேயின் கையைத் தடுத்தது.

"டேய், அதை ஏண்டா பிடுங்கறே? அவ சொன்னதைத்தான் நானும் கேக்கறேன்! ஆட்டுக்கு எரியுது, கென்கேக்காரிக்கு எரியுது. நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூணு தடவை நடந்தேன், எனக்கு மட்டும் எரியலை! நல்லதா ஒரு பெட்டி வாங்க எனக்கு வக்கில்லைன்னு முடிவு பண்ணிட்டுதா உன் மெஷின்?"