இடப்பக்கம்

அவள் அவருடைய இடப்பக்கத்தில் நின்றாள்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பாதியில் இருந்த இட்லி தீர்ந்துவிட்டது. இடது பாதியில் ஒன்று அப்படியே கிடந்தது.

"அவ்வளவுதானா? பசிக்குது."

அம்மா தட்டைத் திருப்பி வைத்தாள். இட்லி அவர் கண்ணில் பட்டது. சாப்பிட்டார்.

பக்கவாதம் அவருடைய இடது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது. கண்ணில் குறையில்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு விட்டுப்போயிருந்தது. அந்தப் பக்கம் யார் நின்றாலும் கவனிக்க மாட்டார் என்று வார்டு நர்ஸ் எஸ்தர் சொன்னாள்.

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா மகளுக்கு போன் செய்தாள்.

"இப்ப வந்தா நீ அப்பாவப் பாக்கலாம்டி. அவருக்குத் தெரியாது."

வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள் அவள். நான் செத்தாலும் என் மூஞ்சியில் முழிக்காதே என்று அன்று வாசலில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு அவள் ஊர்ப் பக்கம் வரவில்லை. அவளுக்கு ஒரு பையன் பிறந்து பள்ளிக்கூடம் போகிறான். அவர் பார்த்ததில்லை.

வந்தாள்.

பேசக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். உன்னைப் பார்த்தால் பிரஷர் ஏறிவிடும். இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எஸ்தரிடம் சொந்தக்காரப் பெண் என்று சொல்லி வைத்தாள்.

எஸ்தர் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தாள். அவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது. முதுகில் எங்காவது சிவக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது. விழுந்த கைக்குக் கீழே எப்படித் தலையணை கொடுப்பது.

"தோளப் பிடிச்சு இழுத்துராதீங்க. மூட்டு நழுவிரும்."

அவள் இழுக்கவில்லை. மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளங்கையை ஈரத்துணியால் துடைத்தாள். நகம் வெட்டினாள்.

சின்ன வயதில்கூட அவள் அந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவோடு பேசுவார். மழை உண்டா என்று கேட்பார். தன் கை ஒருத்தியின் மடியில் இருப்பது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் எஸ்தர் அவளிடம் சொன்னாள். "இனிமே இந்தப் பக்கமிருந்து நீங்க பேச்சுக் குடுங்க. தொட்டுத் தொட்டுக் கூப்பிடுங்க. அப்பத்தான் இங்கிட்டுத் திரும்பப் பழகுவாரு."

அவள் தலையசைத்தாள்.

பேசவில்லை. பேசினால் அவர் திரும்பிவிடுவார்.

பேசாவிட்டால் திரும்பவே மாட்டார்.

மறுநாள் காலை ரவுண்டில் எஸ்தர் வழக்கமாகக் கேட்பவற்றைக் கேட்டாள். பெயர் சொன்னார். மாதம் சொன்னார். வலக்கையை மடக்கி விரித்தார். எஸ்தர் அவருடைய இடக்கையைத் தூக்கி நெஞ்சின் மேல், கண்ணெதிரே வைத்தாள்.

"இது யார் கைங்கய்யா?"

வழக்கமாகத் தெரியவில்லை என்பார். ஒருமுறை உங்கள் கைதான் என்று சொல்லிச் சிரித்தார்.

இன்று உற்றுப் பார்த்தார்.

"எம் மக கை. பூரணி கை."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மக இருக்காங்களா? எங்க?"

"போயிருச்சு. கோவமா." கொஞ்சம் யோசித்தார். "கைய மட்டும் விட்டுட்டுப் போயிருச்சு."

மரத்த அந்த விரல்களை வலக்கையால் தடவினார்.

"சில்லுன்னு கெடக்கு பாருங்க. எதையாச்சும் போத்தி விடுங்க சிஸ்டர்."

இல்லை, இது உங்கள் கைதான் என்று திருத்த வேண்டும். எஸ்தர் வாயெடுத்தாள். கட்டிலுக்கு அந்தப்புறம் நின்றவளின் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

அவள் குனிந்தாள். அவருடைய இடக்கையை, தோள் அசையாமல், மெல்ல எடுத்துத் தலையணை மேல் வைத்தாள். அது இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள்.

அவர் பிடித்துக்கொண்டார்.

"ம். இப்பத்தான் சூடு வருது."

அழுத்தினார். அந்தக் கை திரும்ப அழுத்தியது.

அவர் அசையாமல் கிடந்தார். பார்வை அந்த விரல்களிலிருந்து வளையலுக்குப் போனது. வளையலிலிருந்து மேலே. முழங்கை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் அவருக்கு ஒன்றும் இல்லை.

வேண்டாம் என்று அம்மா உதட்டை அசைத்தாள்.

"அப்பா."

அவர் சட்டென்று தலையைத் திருப்பினார்.

வலப்பக்கம். அங்கே வார்டின் வாசல் இருந்தது. யாரும் இல்லை. அவர் வாசலையே பார்த்தார். கண் நிறைந்து காதுப் பக்கம் வழிந்தது.

"வெளிய நிக்கிது போல" என்றார் எஸ்தரிடம். "உள்ள வரச் சொல்லுங்க."

கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவள் வாசல் பக்கம் போனால் போதும்.

அவர் அவளுடைய கையை விடவில்லை.