கதவு கழன்ற அலமாரிகள்

டுலூத் நகரத்தின் நாலு மணி வெயில் சமையலறை மேடையில் வழுக்குகிறது. மூன்று நாளாக மேடையில் ஒரு பொருள்கூட இல்லை. ஊரிலிருந்து வந்த அன்றே அக்கா ரோண்டா எல்லாவற்றையும் அலமாரிகளுக்குள் அடுக்கி மூடிவிட்டாள். அதற்கு முன்பெல்லாம் அடுப்பின் மேல் என் ஓட்டக் காலணி இருக்கும். ஓடினால்தான் கவனத்தைக் கூட்டும் டோபமைன் என் மூளையில் ஊறும், ஓடிவிட்டு வந்தால்தான் காபி. காபிக் கோப்பைக்குள் மாத்திரைக் குப்பி இருக்கும். கண்ணில் படாத எதுவும் என் கவனச்சிதறல் மூளைக்கு உலகத்திலேயே இல்லை. மூன்று நாளாக ஓடவில்லை, மாத்திரை போடவில்லை. மூன்று நாளும் வேலைக்குத் தாமதம். மேலாளரின் எச்சரிக்கைக் கடிதம் என் கையில் கசங்குகிறது.

“குப்பமேடா கெடந்துது, மிர்னா. இப்ப பாரு, பளபளன்னு!” அக்கா ஈரத்துணியை உதறுகிறாள்.

“அது குப்பை இல்ல ரோண்டா. என் மூளை.”

“அப்ப உன் மூளைய மூணாவது அலமாரியில பத்திரமா வெச்சிருக்கேன், போ.”

நான் திருப்புளியை எடுக்கிறேன். மூன்றாவது அலமாரியின் கீல் கிறீச்சிடுகிறது. திருகாணிகள் பளபளக்கும் மேடையில் கணீர் கணீரென்று விழுந்து உருள்கின்றன.

“பைத்தியமாடி உனக்கு?”

கடைசிக் கதவையும் கழற்றி அவள் பயணப் பெட்டிமேல் சாத்துகிறேன்.

“இப்ப ஒளிச்சு வை, பாக்கலாம்.”