சரீபாவின் கேற்

"பூட்டினது பூட்டினதுதான் மரைக்கார். நிண்டு கால் வலிச்சா நிப்லா ஊட்டில கதிர ஒண்டு வாங்கிப் போட்டு இரிங்க."

சரீபா கேற்றுக்கு உள்ளே நின்றாள். சாவி அவள் கைக்குள் இருந்தது. வெளியே அவளது புருஷன் முத்தலிப், சவரம் செய்யாத முகமும் காலடியில் ஒரு துணிப்பையுமாக, நிலத்தைப் பார்த்தபடி நின்றான். இருவருக்கும் நடுவே நியாயம் பேச வந்திருந்தார் பள்ளிவாசல் மரைக்கார் அச்சிமுகம்மது.

கல்முனைக்குடியில் அந்தத் தெருவுக்கு அன்று காலையில் வேறு வேலை இருக்கவில்லை. மீன் வாங்கப் போனவர்கள் மீன் வாங்காமலே திரும்பி வந்து நின்றார்கள். உடுப்புக் காயப்போடும் சாட்டில் மதிலோரம் வந்த பக்கத்து வீட்டு நிப்லா, ஒரே சட்டையை நாலாவது தடவையாக உதறிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு இதே வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றதைத் தெரு மறக்கவில்லை. குசினியில் அரிசி டின்னுக்குள் இருந்து போதைத் தூள் எடுத்தார்கள். எத்தனை பக்கெற் என்பதில்தான் தெருவுக்குள் கருத்து வேறுபாடு. நிப்லா சொல்லும் கணக்கு பெருநாளுக்குப் பெருநாள் கூடிக்கொண்டு வந்தது. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, சிறையில் இருந்து விட்டுவிட்டார்களாம் என்று கேள்விப்பட்டதுமே, இனி ஏதாவது நடக்கும் என்று அவள் நம்பிக்கையோடு இருந்தாள். நம்பிக்கை வீண்போகவில்லை.

மரைக்கார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் ஊர் வழமையைச் சொன்னார். கலியாணம் முடித்தால் ஆம்பிளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அவன் பிறந்த வீடு தங்கைக்குச் சீதனமாகப் போய்விடுகிறது. முத்தலிப்பின் உம்மா வீட்டிலும் இப்போது தங்கை ஹப்ஸாவின் புருஷன்தான் பாய் விரித்துப் படுக்கிறான்.

"இந்த மனிசன் எங்க போற, புள்ள? பள்ளி விறாந்தையிலயா படுக்கிற?"

"படுக்கட்டும். புதுசா ஃபேனும் போட்டுத்தானே வெச்சிரிக்கிங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மரைக்காரின் முகத்தைக் கண்டதும் அந்தச் சிரிப்பு இருமலாக மாறிவிட்டது.

அவர் அடுத்ததாகப் போறணைக் கதையை எடுத்தார். சிறையில் இருந்து திரும்புகிறவர்களுக்குத் தொழில் உதவி செய்கிற அலுவலகம் ஒன்று, உள்ளே பேக்கரி வேலை, பாண் சுடப் பழகியதற்காக ஒரு கேஸ் போறணை அடுப்பு தருவதாக இருந்தது. பத்து மணிக்கு அங்கிருந்து ஒரு மிஸ் வீடு பார்க்க வருகிறார். வந்த இடத்தில் குடும்பம் ரெண்டுபட்டு நிற்பதைக் கண்டால், போறணையை சாய்ந்தமருதுக்கோ மருதமுனைக்கோ திருப்பிவிடுவார்கள் என்றார் மரைக்கார். அப்படி எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் அவர் வாயில் வந்தால் அது சட்டம்தான்.

"மறியல் கம்பிக்குள்ள இரிந்துட்டு வந்த ஆளுக்கு இந்த ஊரில ஆரு வேல குடுப்பான்? தட்டுக் கழுவவும் எடுக்க மாட்டான். இந்தப் போறணையும் போனா என்னத்தச் செய்யிற? யோசி புள்ள."

"இந்த மனிசன உள்ள எடுத்தாத்தான் போறணை எண்டா, எனக்கு அந்தப் போறணை வேணா."

அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. நிப்லா அதைக் கவனித்து மனதில் குறித்துக்கொண்டாள். லுஹருக்கு முன் நாலு வீட்டுக்காவது போய்ச் சொல்ல வேண்டிய விடயம் அது.

முத்தலிப் மெதுவாகச் சொன்னான்.

"பிள்ளைகள் என்னத் தேடும், சரீபா."

அவள் கேற்றுக் கம்பியைப் பிடித்த பிடியில் கேற் முழுவதும் ஆடியது.

"இல்லாத ஆளத் தேடித் தேடிப் பழகின பிள்ளைகள். மூணு வருஷம் பழகிரிக்கி. இன்னமும் பழகும்."

மரைக்காருக்குக் கோபம் வந்துவிட்டது. பிழை செய்யாத மனிதன் உலகத்தில் இல்லை என்றும், எப்பேர்ப்பட்ட குற்றத்துக்கும் அல்லாஹ் மன்னிப்பு வைத்திருக்கிறான் என்றும், அதற்கு மேலால் மன்னிக்காமல் விட இவள் யார் என்றும் கேட்டார். தெரு தலையாட்டியது. தலையாட்டுவதற்குக் காசு பணம் தேவையில்லையே.

"அல்லாஹ்ட மன்னிப்ப இவர் அல்லாஹ்விட்டயே கேக்கட்டும் மரைக்கார். தொழுது கேக்கட்டும், அழுது கேக்கட்டும். இந்தக் கேற்றுக்கு வெளியில நிண்டு கேக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் மிஸ் தக்சாயினி. கூட்டம் வழிவிட்டது. மரைக்கார் முத்தலிப்பின் முதுகில் கைவைத்து அவனை அவசரமாக முன்னுக்குத் தள்ளிவிட்டு, வீட்டுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை, சும்மா கதைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று சிரித்தார்.

மிஸ் அவரையும் பார்க்கவில்லை, முத்தலிப்பையும் பார்க்கவில்லை. நேரே கேற்றடிக்குப் போய், கையில் இருந்த ஃபைலைக் கம்பிகளுக்கு நடுவால் உள்ளே நீட்டினாள்.

"சரீபா, சிறைச்சாலையில நீங்க பாண் சுடப் பழகின சான்றிதழ் அனுப்பிட்டாங்க. விடுதலைக் கடிதத்தையும் காட்டினா போதும். போறணை வைக்க வீட்டுச் சொந்தக்காரர்ர கையெழுத்து ஒண்டு வேணும். வீடு ஆர்ர பேரில?"

சரீபா கேற்றைத் திறந்தாள். மிஸ் நுழையும் அளவுக்கு மட்டும்.

"என்ட பேரில மிஸ். தான் ஒளிச்சு வெச்ச தூளப் பொலிஸ் எடுத்த அண்டைக்கு, 'ஊடு அவட, உள்ள இரிக்கிறதெல்லாம் அவட' எண்டு இந்த மனிசன்தான் சொன்னவர். அந்தச் சொல்லுக்குத்தான் நான் மூணு வருஷம் மறியல்ல இரிந்துட்டு வாறன்."