விறகடுப்பு மாட்டுக்கறி

இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது செபமாலையம்மாளுக்கு. ஏற்கெனவே வெந்து முடிந்த மாட்டுக்கறிக்காக, விறகடுப்பின் முன் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

கறியை வேகவைத்தது விறகு இல்லை. லோகேஷ் வாங்கி வந்த கரண்ட் ஸ்லோ குக்கர்தான் மிளகும் தேங்காய்க் கொத்துமாகக் காலையிலிருந்து அதை மெல்ல வேகவைத்திருந்தது. சாயங்காலம் கறியை மண்சட்டிக்கு மாற்றிவிட்டு, குக்கரை மூலையில் சாக்குப் போட்டு மூடியாயிற்று. மூணாற்றில் ஹோம்ஸ்டேக்கு வருகிறவர்கள் புகைக்குத்தானே காசு கொடுக்கிறார்கள்.

லோகேஷ் அவள் காதருகே குனிந்தான். "புகை பத்தலை. சிரிச்ச முகமா ஊதுங்க."

"ஊதும்போது சிரிச்சா சாம்பல் வாய்க்குள்ள போவும்" என்றாள் அவள். "இன்பமேரிக்கு ஒரு கிலோ இப்பவே எடுத்து வச்சிரவா?"

"வந்தவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்."

மகள் இன்பமேரி மாசமாக இருந்தாள். சோற்றைக் கண்டாலே குமட்டுகிறவளுக்கு மாட்டுக்கறி என்றால் மட்டும் நாக்கு ஊறியது. அவளுக்கு ஒரு கிலோ தருவதாக லோகேஷ் வாய் நிறையச் சொல்லி மூன்று ஞாயிறு போய்விட்டது. மூன்று முறையும் மிஞ்சியது சட்டிதான். இன்றைக்கும் செபமாலையம்மாள் தூக்குவாளியைக் கழுவி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

கோயம்புத்தூர்க் குடும்பம் வந்து பாயில் உட்கார்ந்ததும் லோகேஷின் குரல் உயர்ந்தது.

"அம்மா, கப்பைக் கிழங்கும் கறியும் எடுத்துட்டு வாங்க. கோழி கூப்பிட மூட்டுன அடுப்பு சார். எங்கம்மா இன்னும் அணைக்கலை."

"அதுதான் ருசியிலேயே தெரியுதே" என்றார் கோயம்புத்தூர்க்காரர், எலும்பை உறிஞ்சியபடி. "கரண்ட் அடுப்புல இது வருமுங்களா?"

சாக்குக்குள் இருந்த குக்கர் வாயே திறக்கவில்லை.

அவர் மனைவி செபமாலையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்கம்மா, இவரு சின்னதுல ரொம்பச் சேட்டைங்களா?"

"எனக்கு என்ன தாயி தெரியும்? விடிய தேயிலை எடுக்கப் போனா, பொழுது சாஞ்சுதான வீட்டுக்கு வருவேன்."

அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. லோகேஷும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வீட்டில் புகை அதிகம்.

செபமாலையம்மாளின் பார்வை அகப்பையை விட்டு நகரவில்லை. அது சட்டிக்குள் இறங்கும்போதெல்லாம் மிச்சமிருந்த துண்டுகளை எண்ணினாள். "பாத்துச் சாப்பிடுங்கய்யா, குளிருக்குச் செரிக்காது" என்று நயமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"தாய் கை பட்டா எல்லாம் செரிக்குமுங்க" என்று அவர் மறுபடியும் தட்டை நீட்டினார்.

"போடுங்கம்மா, போடுங்க" என்றான் லோகேஷ். ஊரான் பசிக்கு அவன் எப்போதுமே தாராளம்.

கடைசியில் சட்டியில் ஒரே ஒரு துண்டு கிடந்தது.

"அதை உங்க மகனுக்கு ஊட்டி விடுங்கம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று அவர் மனைவி போனைத் தூக்கினாள். லோகேஷ் உடனே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயைப் பிளந்தான்.

செபமாலையம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். துண்டை அவன் உதடுவரைக்கும் கொண்டுபோனாள். அப்படியே கையைத் திருப்பித் தூக்குவாளிக்குள் போட்டு மூடினாள்.

"இது ஒரு துண்டுதான். எம் மகளுக்குத் தர்றேன்னு சொன்ன ஒரு கிலோவுல மிச்சம் பூராவும் இன்னும் பாக்கி நிக்குது, முதலாளி."