பச்சைக் கதவு

மல்லவ்வாவுக்கு வலது தோள் வலியில் கையைத் தூக்க முடியவில்லை. காலி செய்கிறவர்களின் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கென்று பிடித்துக்கொள்வது பெங்களூர் வழக்கம். ஊர் வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற தன்னிடமே பிடிப்பதா என்று, தான் காலி செய்யும் மொத்த வீட்டையும் ஒண்டியாக அடித்து முடித்திருந்தாள்.

வீட்டுக்காரர் சென்னே கௌடர் சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க கௌட்ரே. பிடிக்கிறதுக்கு ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கேனா?"

அட்வான்ஸ் பணம் முழுவதையும் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தவர், அதன் வெளிப்பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதுல 'நாளே பா'ன்னு எழுதியிருந்தேனே?"

"நாளைக்கு வான்னு பேயைத் திருப்பி அனுப்ப எழுதுறதுதானே? அது மேலயும் ரெண்டு கோட் பச்சை அடிச்சிட்டேன்."

"உனக்கு முன்னாடி இருந்த சாந்தவ்வா அட்வான்ஸ் கேட்டு தினம் வந்தா. செத்த பெறகும் வந்தா. அவளுக்குத்தான் எழுதினேன்."

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. அங்கே யாருமில்லை. ஈரப் பச்சையில் நான்கு விரல் முட்டிகள் பதிந்தன.

மல்லவ்வா தன் வேலையில் விழுந்த தடத்தைப் பார்த்தாள். "அவளுக்கும் எண்ணி வைங்க கௌட்ரே. நான் அடிச்ச கதவுல இனி எதையும் எழுதக் கூடாது."

சாந்தவ்வாவுக்குக் கௌடர் தர வேண்டியது முப்பதாயிரம் ரூபாய்.